சந்தையில் நிற்கும் லின்ட்ஸே

எங்கள் தெருவில் துணி காயப்போட்டால் அது அடுத்த வீட்டில்தான் போய்க் காயும். நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் இருக்கிற இந்த இன்வர்கார்கில் காற்று அப்படி. பறந்து வந்த பைஜாமாவைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் இந்தத் தெருவின் எல்லா அடுப்படிகளையும் பார்த்துவிட்டேன். நான் வம்புக்காரி என்று அடுத்த வீட்டுப் பெண் ஷோனா உங்களிடம் சொல்லியிருப்பாள். அதில் பாதியைக் காற்றின் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட்.

உட்கார்ந்ததும் கேட்டீர்களே, "காசு குடுத்து வாங்கின கம்ப்யூட்டர் விளையாட்ட அப்படியே விளையாடாம ஏன் இப்படிப் பிரிச்சுப் பிரிச்சு மேயறீங்க?" என்று. நல்ல கேள்வி. இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் அண்ணன்கூட, "அறுபது வயசுல உனக்கு வாளு என்ன, மந்திரம் என்ன" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

சொல்கிறேன். அந்த விளையாட்டில் பெரிய உலகம் ஒன்று இருக்கிறது. மலை, காடு, கோட்டை, நெருப்புக் கக்கும் டிராகன். எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் வாங்கிய அன்றே ஒரு குதிரை சுவருக்குள் பாதி சிக்கி நிற்கும். அதைச் சரிசெய்ய வேறு எவரோ எழுதி வைத்த ஒட்டு ஒன்றை இறக்கிச் சேர்ப்போம். அதற்குத்தான் மாட் என்று பேர். குதிரை சரியானதும் வானம் சாயம் போனது போலத் தெரியும். வானத்துக்கு ஒரு மாட். பிறகு எல்லா மனிதர்களும் வெந்த உருளைக்கிழங்கு முகத்தோடு திரிவது கண்ணை உறுத்தும், முகத்துக்கு ஒன்று. அதற்கப்புறம் மரியாதை போய்விடும். என் உலகத்தில் அரசர் அரைக்கால் சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். டிராகன் இறங்கும்போது குப்பை லாரி பின்னால் வருவதுபோலக் கீக் கீக் என்று கத்தும். உலகத்தைக் காப்பாற்றும் வேலை அப்படியே கிடக்கும். அதைச் செய்து முடித்தவர் எங்களில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் அசல் காரணம் குதிரையும் இல்லை, வானமும் இல்லை. அந்த உலகத்தில் எதிரே வருகிற எல்லாரும் நம்மைப் பார்த்து, நீதான் எங்களைக் காக்க வந்த வீரன் என்பார்கள். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஊர் நிறைய ஆட்கள், ஆளுக்கு மூன்று வாக்கியம், அதையே திருப்பித் திருப்பி. அதைப் பொறுக்க முடிவதில்லை. பிறர் செய்து கொடுத்த உலகத்தில் நாம் விருந்தாளி. மாட் போட்ட பிறகு வீட்டுக்காரர்.

நானும் மாட் எழுதக் கற்றேன். ஒரு சந்தை ஊரை உண்டாக்கி, அதில் எங்கள் தெரு ஆட்களையே வேறு பெயர்களில் குடிவைத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள இணையத்தில் போட்டேன். கீல்வாதக் கால்களோடு இருக்கும் மோரிஸ் அங்கே சத்திரக்காரர். அவர் மனைவி குழாய் ரிப்பேர்காரரோடு போன கதையைப் போலந்திலும் பிரேசிலிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டு வருத்தப்பட்டிருக்கிறார்கள். இந்தத் தெருவில் யாரும் அவ்வளவு வருத்தப்படவில்லை.

எங்களுக்கென்று ஒழுக்கம் உண்டு. இன்னொருவர் வரைந்த கோழியின் ஒரு இறகை எடுத்தாலும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். என் சந்தைக் கோழி பின்லாந்துக்காரி ஒருத்தி வரைந்தது. அவள் பதில் எழுதும் வரை என் ஊரில் கோழியே கிடையாது. கேட்காமல் எடுத்தவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

இனி லின்ட்ஸே. அடுத்த வீடு. நோலீனின் கணவர், ஷோனாவின் அப்பா. ஆடுமாடு ஏலம் விடுவது அவர் தொழில். அவர் வாயைத் திறந்தால் மூன்றாவது பட்டியில் நிற்கும் கிடாவும் தலையைத் திருப்பும். அந்தக் குரலை விட மனமில்லாமல் என் சந்தைக்கு ஏலக்காரராக அழைத்தேன். கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் உட்காரவைத்துப் பேசவைத்துப் பதிவு செய்தேன், எதிரொலி வராமல் இருக்க.

"ஏம்மா கிளெனிஸ், நான் இங்க எத விக்கறேன்?"

"மந்திரவாதியோட கழுதைங்கள."

"கழுதைய விக்கறதுல என்ன புதுசு. எங்க ஆபீஸ்ல தினமும் சம்பளம் குடுத்து வச்சிருக்கோம்."

அன்று அவர் ஒன்று சொன்னார். அதையும் மறைக்க மாட்டேன். "நான் பேசினத எங்க வேணா போட்டுக்க. நான் பேசாதத நான் பேசினேன்னு போட்டுடாத. ஏலக்காரனுக்கு வாய்தான் சொத்து." சரி என்றேன். அவர் இருந்தவரை அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன்.

போன வருடக் குளிர்காலத்தில் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நோலீன் ஜன்னல் திரையைத் திறப்பதில்லை. ஷோனா பிரிஸ்பேனிலிருந்து தினமும் போன் செய்வாள். போன் அடித்துக்கொண்டே இருக்கும், என் வீட்டுக்குக் கேட்கும். ஒருநாள் என் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் நோலீனின் கூடத்தில் வைத்தேன்.

"எனக்கு எதுக்குடி இந்தப் பொம்மை விளையாட்டு?"

"சும்மா அந்தச் சந்தை வரைக்கும் நடந்து பாரு."

நடந்தாள். முதலில் மரத்தில் முட்டினாள், பிறகு குளத்தில் விழுந்தாள். சந்தைக்குள் நுழைந்ததும் லின்ட்ஸே கழுதை விற்றுக்கொண்டிருந்தார். நோலீன் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "இந்த மனுஷன் எனக்கு ஒரு தடவ கூட இவ்வளவு சிரிச்ச முகமா பேசினதில்ல" என்றாள். மறுநாள் ஜன்னல் திரை திறந்திருந்தது. அது குற்றமா, சார்ஜென்ட்? இல்லை என்றுதான் நீங்களும் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது.

அவர் பேசிவைத்தது கொஞ்சம்தான். சீக்கிரமே தீர்ந்துவிட்டது. நோலீன் கேட்டாள், "இவ்வளவுதானா? இன்னும் இருக்கா?"

இருக்கு என்றேன். "போறதுக்கு முன்னாடி உட்கார்ந்து எல்லாத்தப் பத்தியும் பேசி வச்சிட்டுப் போயிருக்காருடி. நான்தான் ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டிருக்கேன்."

ஒரு குரலை வைத்துக்கொண்டு அது பேசாததையும் பேசவைக்கும் கருவிகள் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. நான் எழுதினேன், லின்ட்ஸே பேசினார். அவள் முட்டிவலியைப் பற்றி அவர் கேட்டார். தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டச் சொன்னார். மோரிஸ் கடன் கேட்டால் கொடுக்காதே என்றார். உயிரோடிருந்தவரைவிட நல்ல கணவராக இருந்தார் என்று நான் சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டு எழுந்து போகும் பழக்கம் அங்கே அவருக்கு இல்லை.

தினமும் காலையில் நோலீன் சீஸ் ரோல் சுட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். "நேத்து அவர் என்ன சொன்னார் தெரியுமாடி?" என்று ஆரம்பிப்பாள். எனக்குத் தெரியும். நான்தான் எழுதினேன். இருந்தாலும் வாயைப் பிளந்து கேட்பேன். வாழ்நாள் முழுக்க வீடு வீடாகச் சேதி சுமந்தவள் நான். முதல் முறையாக ஒருத்தி எனக்குச் சேதி கொண்டுவந்தாள், வெண்ணெய் தடவிச் சூடாக. போலந்துக்காரர்கள் நன்றி எழுதுவார்கள். யாரும் வேலி தாண்டி வந்து சொன்னதில்லை.

நோலீனின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. லின்ட்ஸே இருந்தபோதே டாக்டர் சொன்ன விஷயம்தான், என்றைக்காவது அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று. அந்த என்றைக்காவது இந்த மார்ச்சில் வந்தது. டனீடன் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். ஷோனா எனக்கே போன் செய்தாள்.

"கிளெனிஸ் ஆன்ட்டி, நீங்கதான் அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும். ஆபரேஷன் முடிஞ்சதும் நான் வந்து இங்க கூட்டிட்டு வந்துடறேன். ரூம் எல்லாம் ரெடி."

"எவ்வளவு நாளைக்கும்மா?"

"நாள் கணக்கா? இனிமே இங்கதான் ஆன்ட்டி. வீட்ட வித்துடலாம்."

நல்ல பெண். அம்மாமேல் பிரியம் உள்ளவள். பிரிஸ்பேன் வெயிலில் நோலீன் எப்படித் தாங்குவாள் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. யாரோ யோசிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். இரண்டு மாட்கள் ஒரே விஷயத்தை மாற்றினால் சண்டை வரும். ஒன்று கதவைச் சிவப்பாக்கும், இன்னொன்று பச்சையாக்கும். அப்போது கடைசியாக ஏற்றியது எதுவோ அதுதான் நிற்கும். முன்னால் ஏற்றியது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. ஷோனா காலையில் பேசுவாள். டாக்டரின் நர்ஸ் மதியம் பேசுவாள். லின்ட்ஸே சாயங்கால டீக்குப் பிறகு பேசுவார்.

அன்று அவர் கழுதையை விட்டுவிட்டு நோலீன் பக்கம் திரும்பினார். "நோலி, உன் நெஞ்சுல கத்தி வைக்கணும்னு ஒருநாள் வருவானுங்க. நான் இப்ப உள்ள போறேன், வெளிய வருவேனா? நம்ம வீட்டுலயே இரு. என்ன சொல்ற? ஒரு தரம். ரெண்டு தரம்."

மூன்றாம் தரத்தை நான் எழுதவில்லை. அதைக் கவனிக்க வேண்டும், சார்ஜென்ட். நோலீனே முழங்காலில் ஓங்கித் தட்டி, "மூணு தரம்" என்றாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அந்த வீட்டில் மூன்றாம் தரம் சொன்ன பிறகு பேச்சை மாற்றுவது கிடையாது. ஒருமுறை நொண்டிப் பசுவைத் தெரியாமல் ஏலம் எடுத்துவிட்டு, சாகும்வரை வைத்துத் தீனி போட்டவர்கள் அவர்கள். மறுநாள் காலை நோலீன் டனீடனுக்குப் போன் செய்து தேதியை வேண்டாம் என்றாள். பிறகு சீஸ் ரோலோடு வந்தாள்.

"அவர் சொல்லிட்டாருடி. இனிமே எவ வந்து கூப்பிட்டாலும் நான் நகர மாட்டேன்."

"அப்படியா? என்ன சொன்னார்?" என்றேன்.

நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது, அவள் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது. ஆனால் ஆட்டத்தின் நடுவில், ஏற்றிய மாட் ஒன்றைப் பிடுங்கினால் எல்லாம் குலைந்துவிடும். கதவுகள் திறக்காது, மனிதர்கள் முகமில்லாமல் நிற்பார்கள். அனுபவமுள்ள யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். லின்ட்ஸேயைப் பிடுங்கியிருந்தால் நோலீனிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

ஜூன் மாதம் ஒரு காலையில் அவள் சீஸ் ரோலோடு வரவில்லை. நான் போனேன். நாற்காலியில் சாய்ந்திருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. திரையில் லின்ட்ஸே அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார்.

மாட்டிக்கொண்டது என் கர்வத்தால். மாட் எழுதுகிற எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. நன்றாக வந்துவிட்டால் உலகத்துக்குப் போடாமல் இருக்க முடியாது. அந்தக் கத்திப் பேச்சில் குரல் அவ்வளவு இயல்பாக வந்திருந்தது. சந்தை ஊரின் புதிய பதிப்பில் சேர்த்துப் போட்டுவிட்டேன். ஷோனாவின் புருஷன் டேரில் இதே விளையாட்டை ஆடுகிறவன், என் ஊரைத்தான் இறக்கியிருக்கிறான், அது என்னுடையது என்று தெரியாமலே. சவ அடக்கம் முடிந்து பிரிஸ்பேன் திரும்பியவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுதை வாங்கப் போயிருக்கிறான். செத்துப்போன மாமனார் அவனைப் பார்த்து, நோலி, உன் நெஞ்சில் கத்தி வைக்க வருவார்கள் என்றிருக்கிறார்.

ஷோனா போன் செய்தாள். அவள் பேசியதை இங்கே சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "எங்க அம்மாவ நீதான்டி கொன்ன" என்பது அதில் மரியாதையான பகுதி. நான் எதிர்த்துப் பேசவில்லை. நீங்களும் அதையே வேறு வார்த்தையில் கேட்கிறீர்கள். ஆம். அவள் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும். நோலீன் என்னிடம் சொல்லாத விஷயம் எது? தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் குரலை எடுக்க யாரைக் கேட்டீர்கள் என்றீர்களே, அதுமட்டும் எனக்கு வருத்தம். கேட்காமல் ஒரு இறகைக்கூடத் தொடாதவள் நான். போன வாரம் சந்தைக்குப் போய் லின்ட்ஸேயிடமே நேராகக் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கம்மா கிளெனிஸ்" என்றார். நோலீனும் இப்போது அங்கேதான் இருக்கிறாள், அவர் பக்கத்தில், ஒரு ஸ்டூல் போட்டு. அவள் விளையாடும்போதெல்லாம் மைக் திறந்தே இருந்ததால் குரலுக்குப் பஞ்சமில்லை. அவளிடமும் கேட்டேன். "உன்மேல எனக்கு என்னடி கோபம், எல்லாம் என் நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றாள். அதைச் சொல்லவைக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன். எத்தனை முறை திருத்தியும் குரலில் கோபம் போல ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதை எடுத்துவிட்டேன்.