லாண்டரிக்கு இன்று விடுமுறை

மனைவி: …அதான் கேக்குறேன். வருஷக் கடைசி நாள்ல எந்த லாண்டரிக்காரராவது ஷட்டரை இழுத்து விட்டுட்டு ஏரிக்கரைக்கு வருவாரா?

கணவர்: வந்துட்டோமே. இனிமே கேட்டு என்ன ஆகப்போகுது?

மனைவி: ஊர்ல ஒரு லாட்ஜுலயும் இடமில்ல. பெட்ஷீட்டு மலையா குவிஞ்சு கிடக்கு. மெஷின் எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது…

கணவர்: ஒரு நாள் நின்னா குடி முழுகிடாது. காலை நீட்டி உக்காரு.

மனைவி: கல்யாணமான புதுசுல ஒரு தடவை இங்க கூட்டிட்டு வந்தீங்க. மழை தூறுச்சுன்னதும், காயப்போட்ட துணி நனையுதுன்னு என்னை இந்தக் கரையிலயே விட்டுட்டு ஓடுனீங்க.

கணவர்: திரும்பி வந்தேன்ல?

மனைவி: வந்தீங்க. இருட்டினப்புறம்.

கணவர்: அதுக்கும் சேர்த்து வச்சுத்தான் இன்னிக்கு…

மனைவி: வட்டியும் முதலுமா. ம்ம். கஞ்சி போட்ட சட்டை வேற. ஊரான் சட்டைக்கெல்லாம் கஞ்சி போடுற ஆளு, தன் சட்டைக்குப் போட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்.

கணவர்: டீ ஆறுது, குடி.

மனைவி: குடிக்கிறேன். ஆனா வேடிக்கை பாக்கலாம்னு கூட்டிட்டு வந்துட்டு, ஆள் அரவமே இல்லாத பக்கமா உக்கார வச்சிருக்கீங்களே. இங்க என்ன இருக்கு? தவளையும் நாமளும்தான்.

கணவர்: படகுத்துறையில கூட்டம். கால் வைக்க இடமில்ல.

மனைவி: கூட்டத்தைப் பாக்கத்தானே வர்றது? சரி, பெரிய ஓட்டல் வரைக்குமாவது நடப்போம். விளக்கெல்லாம் கட்டியிருக்காங்களாம். தினமும் பின்வாசல் வழியா துண்டு மூட்டையோட போறேன். ஒரு நாள் முன்பக்கமா நின்னு பாக்குறேனே.

கணவர்: அங்க எதுக்கு… அதெல்லாம் ராத்திரிதான் நல்லா இருக்கும்.

மனைவி: அப்ப ராத்திரி போலாம்.

கணவர்: ராத்திரி பனி. உனக்கு ஒத்துக்காது.

மனைவி: பகல்ல கூட்டம், ராத்திரி பனி. சரி… இன்னிக்கு அந்த ஓட்டலுக்குத் துண்டு யார் கொண்டு போறது?

கணவர்: ஆட்டோக்காரர்கிட்ட ஏத்தி விட்டாச்சு.

மனைவி: அந்த ஹவுஸ்கீப்பிங் மேடம் என் கையால எண்ணிக் குடுத்தாதான் வாங்குவாங்க.

கணவர்: அவங்ககிட்ட பேசிட்டேன்.

மனைவி: ஆட்டோக்காரர்கிட்ட பேசிட்டீங்க, மேடம்கிட்ட பேசிட்டீங்க… என் ஒருத்திகிட்டதான் எதுவும் பேசல.

கணவர்: உன்கிட்ட என்ன பேச? வா, ஊர் சுத்தலாம்னேன். இத்தனை வருஷமா கூட்டிட்டுப் போகலன்னு புலம்புவ. கூட்டிட்டு வந்தா போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேக்குற.

மனைவி: கேக்கல. விடுங்க… பையனுக்கு ஒரு போன் போடுங்களேன். புத்தாண்டு வாழ்த்து இப்பவே சொல்லிடலாம்.

கணவர்: இப்ப வேலையா இருப்பான்.

மனைவி: இன்னிக்குமா?

கணவர்: அவன்தான் சொன்னானே, இந்த வருஷம் லீவே கிடைக்கலன்னு.

மனைவி: ஆமால்ல. லீவே கிடைக்கல. பாவம். பாத்து, டீயைச் சிந்தாதீங்க. கஞ்சி போட்ட சட்டை.

வெளியூர்க்காரர்: சார், இந்தப் பெஞ்சுல கொஞ்சம் உக்காந்துக்கலாமா? பிள்ளைங்க தண்ணியில காலை நனைக்குதுங்க. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு.

கணவர்: உக்காருங்க, உக்காருங்க. நாங்க கிளம்பத்தான்…

மனைவி: எங்க கிளம்புறது? இப்பத்தானே காலை நீட்டச் சொன்னீங்க? நீங்க உக்காருங்க சார்.

வெளியூர்க்காரர்: தேங்க்ஸ்மா. நீங்களும் சுத்திப்பாக்க வந்தவங்களா?

மனைவி: இன்னிக்கு ஒரு நாளைக்கு. மத்தபடி இந்த ஊர்தான்.

வெளியூர்க்காரர்: குடுத்து வச்சவங்க. ஏரி, மலை, சுத்தமான காத்து… நாங்க வருஷம் பூரா உழைச்சுட்டு ரெண்டு நாள் வந்து மூச்சு விட்டுட்டுப் போறோம். நீங்க இங்கயே இருக்கீங்க.

மனைவி: ஆமா சார். குடுத்து வச்சவங்கதான்.

கணவர்: எங்க தங்கியிருக்கீங்க?

வெளியூர்க்காரர்: அந்தப் பெரிய ஓட்டல்லதான். காசு கொள்ளை. ஆனா குறை சொல்ல முடியாது. பெட்ஷீட்டெல்லாம் அப்படியே பால் வெள்ளை. எங்க வீட்டுக்காரி அதையே சொல்லிட்டிருக்கா.

கணவர்: அப்படியா? வெள்ளையா இருக்கா? இல்ல… சும்மா கேட்டேன்.

வெளியூர்க்காரர்: நேத்து ராத்திரி தோட்டத்துல நெருப்பு மூட்டி, எல்லாரும் சுத்தி உக்காந்து, ஒரே பாட்டு. மேல்மாடி மொத்தத்தையும் ஒரு டாக்டர் குடும்பம் எடுத்திருக்கு. அவங்க மாப்பிள்ளை இருக்காரே… தங்கமான பையன். சமையல்காரர்லேர்ந்து எல்லாரையும் பாட வச்சுட்டார்.

கணவர்: சார், உங்க பிள்ளைங்க ரொம்ப ஆழத்துக்குப் போற மாதிரி இருக்கு…

வெளியூர்க்காரர்: அவங்க அம்மா கூட இருக்கா. அந்தப் பையன் கதையைக் கேட்டீங்கன்னா மனசு உருகிடும். அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லையாம். அவர் படிக்கிற காலத்துலயே போய்ட்டாங்களாம்.

கணவர்: இல்லையா?

வெளியூர்க்காரர்: ஆக்சிடென்ட்டாம். மாமனார்தான் சொன்னார். "நான்தான் இவனுக்கு அப்பா"ன்னு எல்லார் முன்னாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

மனைவி: என்ன ஆக்சிடென்ட்டுன்னு சொன்னாங்களா?

வெளியூர்க்காரர்: பஸ்ஸாம்மா. பள்ளத்துல கவுந்துடுச்சாம்.

மனைவி: ரெண்டு பேரும் ஒண்ணாவே போய்ட்டாங்களா?

வெளியூர்க்காரர்: ஒண்ணாதாம்மா.

மனைவி: அதுவும் நல்லதுதான். ஒருத்தர் போயி இன்னொருத்தர் தனியாக் கிடந்து தவிக்கிறதுக்கு…

வெளியூர்க்காரர்: கரெக்டா சொன்னீங்க. உங்களுக்குப் பிள்ளைங்க?

கணவர்: ஒரு…

மனைவி: ஒரு பையன். வெளியூர்ல வேலை. லீவு கிடைக்கல.

வெளியூர்க்காரர்: என்னம்மா பண்றது, இந்தக் காலத்து வேலை அப்படி. நல்லா இருக்கட்டும்… அய்யோ, சின்னவன் வழுக்கி விழுந்துட்டான். வரேன் சார். வரேம்மா.

மனைவி: பாத்துப் போங்க. பாசி வழுக்கும்… நல்ல மனுஷன். வெள்ளையா இருக்குன்னு சொன்னாரே, கேட்டீங்களா?

கணவர்: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

மனைவி: சொல்லுங்க.

கணவர்: அந்த மாப்பிள்ளை… அந்தாளு சொன்ன பையன்… அது நம்ம…

மனைவி: நம்ம?

கணவர்: நம்ம பையன்.

மனைவி: ம்ம்.

கணவர்: முந்தாநாள் காலையில ஓட்டலுக்கு அழுக்குத் துணி எடுக்கப் போனேன்ல? மேல்மாடி வராந்தாவுல எதிர்ல வந்தான். தாடியெல்லாம் வச்சிருக்கான். எனக்கே முதல்ல அடையாளம் தெரியல. விடுதியில சேத்து விட்டதுலேர்ந்து அவன் இந்த ஊர்ல எங்க தங்கினான்? இங்க யாருக்கும் அவனைத் தெரியாது.

மனைவி: நீங்க என்ன பண்ணீங்க?

கணவர்: கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். ஓடி வந்து என்னை மாடிப்படி ஓரமா ஒதுக்கிட்டான். மாமனார் சொல்லாமக்கொள்ளாம இந்த ஊர்ல ரூம் போட்டுட்டாராம். கார்ல ஏறினப்புறம்தான் இவனுக்கே தெரியுமாம். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்கல்ல?

மனைவி: கேப்பாங்க.

கணவர்: ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டேன், பொண்ணு வீட்டுல கோபம் தணிஞ்சதும் கூட்டிட்டு வரேன்னு நம்மகிட்ட போட்டோ மட்டும் அனுப்பினானே… அவங்க வீட்டுல கோபமே இல்லையாம். எல்லாரும் வந்து ஜாம்ஜாம்னு பண்ணி வச்சிருக்காங்க. நம்மளைத்தான் கூப்பிடல.

மனைவி: இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?

கணவர்: அன்னிக்குத்தான். ஆனா சத்தியமா… செத்துட்டோம்னு சொல்லியிருக்கான்னு எனக்குத் தெரியாது. "அப்பா, நீங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்கீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், நேரம் பாத்து உண்மையைச் சொல்லிடுவேன்"னுதான் என்கிட்ட சொன்னான். நானும் நம்பினேன்.

மனைவி: வெளிநாடு. உங்களுக்கு அது கொஞ்சம் கௌரவமா இருந்துச்சு.

கணவர்: குத்தாத.

மனைவி: நீங்க என்ன சொன்னீங்க அவன்கிட்ட?

கணவர்: சரின்னேன்.

மனைவி: அழுக்கு மூட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டே.

கணவர்: வேற என்ன பண்ணச் சொல்ற? அதை ஒரு கை பிடிச்சு இறக்கிக்கூட விடல. யாராவது பாத்துடுவாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டிருந்தான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, நாங்க கிளம்புற வரைக்கும் அவங்களை இந்தப் பக்கம் விடாதீங்கப்பா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு…

மனைவி: அதனாலதான் இந்த ஏரி.

கணவர்: அதனாலதான்… அதுக்காக மட்டும் இல்ல. உன்னை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு நானும் எத்தனையோ வருஷமா நினைச்சிருக்கேன்.

மனைவி: நினைச்சீங்க. அவன் சொன்னப்புறம்தான் கால் நகர்ந்துச்சு. காலையில புடவையை மாத்திட்டு வான்னு சொன்னப்போ, உங்க மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பாவமா இருந்துச்சு.

கணவர்: பஸ்ஸாம். பள்ளமாம். அவன் பரீட்சை எழுதறப்போ இஸ்திரிப் பொட்டியில சுட்டுக்கிட்ட கையில எண்ணெயைத் தடவிக்கிட்டு மறுபடியும் தேச்சவ நீ. உன்னையா பள்ளத்துல தள்ளினான்? இரு. இப்பவே போறேன். அந்த டாக்டர் முன்னால நிக்க வச்சு, சட்டையைப் பிடிச்சு…

மனைவி: உக்காருங்க.

கணவர்: விடு என்னை.

மனைவி: உக்காருங்கன்னு சொல்றேன்ல. செத்துப்போனவங்க போயி நின்னா யார் நம்புவாங்க?

கணவர்: உனக்குக் கோபமே வரலையா? கொஞ்சம் அழுதாலாவது எனக்கு நிம்மதியா இருக்கும். நீ இப்படி உக்காந்திருக்கிறது பயமா இருக்கு.

மனைவி: நேத்தே அழுதாச்சு.

கணவர்: நேத்தா?

மனைவி: டிரையர் ஓடிக்கிட்டிருந்துச்சு. பக்கத்துக் கடைக்குக் கேக்கல.

கணவர்: நேத்து எப்படி… உனக்கு யார் சொன்னா?

மனைவி: நேத்து துண்டை நீங்களே கொண்டு போய்ட்டு வந்து, அப்புறம் மெஷினுக்கு பெல்ட்டு வாங்கப் போனீங்கல்ல? அப்ப ஓட்டல்லேர்ந்து போன். மேல்மாடியில ஒரு ரூம்ல ஷீட்டு நாசமாயிடுச்சு, உடனே கொண்டு வாங்கன்னு. போனேன். ரூம் பையனுங்க எல்லாரும் தோட்டத்துல நெருப்புக்கு விறகு அடுக்கிட்டிருந்தாங்க. "நீங்களே விரிச்சு விட்டுடுங்கம்மா"ன்னு மேடம் சொல்லிட்டாங்க.

கணவர்: ஏன் என்கிட்ட சொல்லல?

மனைவி: முந்தாநாள்லேர்ந்து நீங்க ஏன் சரியா சாப்பிடலன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். ராத்திரி சொல்வீங்கன்னு பாத்தேன். காலையில சொல்வீங்கன்னு பாத்தேன். ஊர் சுத்தலாம் வான்னீங்க.

கணவர்: உள்ள… யார் இருந்தா?

மனைவி: அந்தப் பொண்ணு. போட்டோவுல பாத்த அதே மூஞ்சி. வாந்தி எடுத்துட்டு ஓரமா சுருண்டு கிடந்தா. முழுகாம இருக்கா.

கணவர்: என்ன?

மனைவி: மூணு மாசமாம். வெளியில யாருக்கும் இன்னும் சொல்லலியாம். என்கிட்ட சொன்னா. வாயைக் கொப்பளிக்க வச்சு, நெத்தியைப் பிடிச்சு விட்டேன். அப்படியே என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. "எனக்கு மாமியார் இல்லைங்க, இருந்திருந்தா இப்படித்தான் பிடிச்சு விட்டிருப்பாங்க"ன்னா. நல்ல பொண்ணு. அவ மேல தப்பே இல்ல.

கணவர்: கடவுளே… அவன்? அவன் எங்க இருந்தான்?

மனைவி: பால்கனியில போன் பேசிட்டிருந்தான். நான் ஷீட்டோட நாலு மூலையையும் மடிச்சுச் செருகிட்டு நிமிர்ந்தேன். உள்ள வந்தான்.

கணவர்: உன்னைப் பாத்துட்டானா?

மனைவி: நேருக்கு நேரா. "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்னான்… "பரவால்ல தம்பி"ன்னு சொல்லிட்டு, அழுக்கு ஷீட்டைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்.