லீடரை மாற்றக் கோரி ஒரு மனு

கிருபாபாய்: ...துணியக் காயப்போட்டு முடிச்சிட்டு ஒரு கையெழுத்து மட்டும் போட்ருங்கக்கா. பேனா நான் வச்சிருக்கேன்.

பேச்சிச்செல்வி: அந்தக் கிளிப்ப எடு மொதல்ல. மொட்ட மாடில ஹார்பர் காத்து துணிய அள்ளிட்டுப் போவுது. எதுக்குளா கையெழுத்து?

கிருபாபாய்: நம்ம ஹாஸ்டல் லீடர மாத்தணும்னு மனு. நாளைக்கி வார்டன் மேடத்துட்ட குடுக்கணும்.

பேச்சிச்செல்வி: ...லீடரயா?

கிருபாபாய்: ஆமாக்கா. பேச்சிச்செல்வின்னு ஒரு அக்கா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

பேச்சிச்செல்வி: ம்... தெரியும். நீ பாத்ததில்லயா?

கிருபாபாய்: நான் கிருபாபாய், ஃபர்ஸ்ட் இயர். ஹாஸ்டலுக்கு வந்து பத்து நாளுதான் ஆவுது. நோட்டீஸ் போர்டுல அவங்க கையெழுத்து மட்டும் பாத்திருக்கேன். கோழி கிண்டுன மாதிரி இருக்கும்.

பேச்சிச்செல்வி: கோழி... சரி. அவ என்ன செஞ்சா?

கிருபாபாய்: தண்ணிக்கா. நல்ல தண்ணி காலைல முக்கா மணி நேரந்தான் வருது. ஒண்ணாம் நம்பர் ரூம்ல இருந்து வரிசையாப் பிடிக்கணும்னு நோட்டீஸ் ஒட்டிட்டாவ. மூணாம் மாடிக்காரிய வாளியோட எறங்கி வாரதுக்குள்ள கொழாய்ல வெறும் காத்துதான்.

பேச்சிச்செல்வி: முன்னாடி எப்படித் தெரியுமா? முந்தின நாளே வாளிய வச்சு எடம் பிடிப்பாளுவ. ஒருத்தி வாளிய இன்னொருத்தி தூக்கி எறிஞ்சு, நெத்தி கிழிஞ்சு மூணு தையல். அதனாலதான் அவ ரூம் வரிச கொண்டு வந்தா.

கிருபாபாய்: நல்லா சப்போர்ட் பண்ணுதிய. உங்க பிரெண்டோ?

பேச்சிச்செல்வி: அப்படிச் சொல்ல முடியாது. சில நாள் அவளக் கண்டாலே எனக்கு ஆவாது.

கிருபாபாய்: அப்பப் போடுங்க.

பேச்சிச்செல்வி: கொஞ்சம் இருளா. நம்பர் வரிச நியாயந்தான?

கிருபாபாய்: ஒண்ணாம் நம்பருக்கு நியாயந்தான். நாங்க உப்புத்தண்ணிலல்லா தல குளிக்கோம். ஷாம்பு நுரைக்க மாட்டேங்கு. இந்தா, என் முடியத் தொட்டுப் பாருங்க.

பேச்சிச்செல்வி: ...தேங்காத் தும்பு மாதிரில்லா இருக்கு.

கிருபாபாய்: பத்து நாளுக்கே இது. மத்தவங்க ரெண்டு மாசமாக் குளிக்காவ. அந்த அக்கா ஆழ்வார்திருநகரிப் பக்கமாம். ஆத்துல முங்கிக் குளிச்சவங்களுக்கு இது எங்கன தெரியப்போவுது.

பேச்சிச்செல்வி: அவ ரூமு ரெண்டாம் நம்பர்.

கிருபாபாய்: பாத்தியளா.

பேச்சிச்செல்வி: ஏமாத்தணும்னு செஞ்சிருக்க மாட்டா. தோணிருக்காது...

கிருபாபாய்: தோணாது. வாளி நெறஞ்சதும் தூக்கிட்டுப் போயிருவாவ. பொறத்தால யாரு நிக்கான்னு திரும்பிப் பாத்தாத்தான.

பேச்சிச்செல்வி: ...அந்த மனுவக் குடு. "லீடரை உடனே மாற்ற வேண்டும்." இவ்வளவுதானா? அவள மாத்திட்டா மூணாம் மாடிக்குத் தண்ணி வந்திருமா?

கிருபாபாய்: ...வராது.

பேச்சிச்செல்வி: பின்ன என்ன மனு இது? இந்தா, அடில எழுது. ஒரு வாரம் ஒண்ணாம் நம்பர்ல இருந்து, மறு வாரம் கடைசி ரூம்ல இருந்து.

கிருபாபாய்: மெல்ல சொல்லுங்க... கடைசி ரூம்ல இருந்து...

பேச்சிச்செல்வி: காய்ச்சக்காரிக்கு வரிச கெடையாது. அவ வாளிய ரூம் கூட்டுக்காரி பிடிச்சுக் குடுக்கணும்.

கிருபாபாய்: எப்ப இருந்துன்னு போடட்டும்?

பேச்சிச்செல்வி: நாளைக்கே. கடைசி ரூம்ல இருந்து.

கிருபாபாய்: லீடர் சம்மதிக்கணுமே.

பேச்சிச்செல்வி: சம்மதிப்பா. பேனாவக் குடு.

கிருபாபாய்: நெசமாவே போடப்போறியளா? மேல, லீடர மாத்தணும்னுல்லா இருக்கு.

பேச்சிச்செல்வி: இருக்கட்டும். ரெண்டு மாசமாத் திரும்பிப் பாக்கலல்லா. இந்தா, வாசி.

கிருபாபாய்: பேச்சி...

பேச்சிச்செல்வி: நாந்தாம்ளா அது. ஓடாத, நில்லு. மொதல்லயே சொல்லிருந்தா நீ வாயத் தெறந்திருக்க மாட்ட. லீடரா இருக்க எனக்கு ஆசதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா மேடத்துட்ட நாளைக்கி நானும் கூட வாரேன். மத்தவங்க கையெழுத்துப் போட்ட தாளு எங்க?

கிருபாபாய்: ஒருத்தரும் போடலக்கா, உங்களுது ஒண்ணுதான். நீங்கதான் லீடர்னு மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரியும்... உங்கள்ட்ட யாரு வந்து பேசுததுன்னு சீட்டுக் குலுக்குனதுல எம்பேரு விழுந்துட்டு. தண்ணி வரலன்னு வந்து சொன்னவங்கள எல்லாம் "அட்ஜஸ்ட் பண்ணுங்களா"ன்னு சொல்லி அனுப்பிட்டியளாம். உங்களயே மாத்தணும்னு எழுதுனாத்தான் நின்னு கேப்பியன்னு... மேல உள்ள வரிய மட்டும் கிழிச்சிட்டு, மிச்சத்த நோட்டீஸ் போர்டுல ஒட்டிரட்டாக்கா?