பில்பெரி இலைத் தண்ணீர்

எனக்கு டீ போட மட்டும்தான் தெரியும். ஷார்ஜா தொழில்பேட்டையில், எங்கள் தொழிலாளர் கேம்பில், தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்தேன். என் வாக்குமூலத்தை நீங்கள் போலீசுக்காக அரபியில் என்ன எழுதுவீர்களோ, எனக்குப் படிக்கத் தெரியாது. உங்களை நம்பவும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

என் மகள் உமாராணியின் புருஷன் சோலைமுத்து அதே கேம்பில்தான் இருந்தான். ஆகஸ்டு மாதத்து உச்சி வெயிலில் தகரக் கூரைமேல் வேலை. தலை சுற்றுகிறது என்று இறங்கி வந்தவனிடம் ஃபோர்மேன் சேதுமாதவன், "நடிக்காதல. ஏறு, யல்லா" என்றார். ஏறினான். பிறகு தூக்கித்தான் இறக்கினார்கள். ஹார்ட் அட்டாக் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் சேதுமாதவன் வந்து டீ கேட்டார். கொடுத்தேன், சீனி இல்லாமல். அவருக்குச் சர்க்கரை வியாதி.

மாத்திரை போதவில்லை, பில்பெரி இலை நல்லதாம் என்று அவரேதான் என்னை ரோலா கடைத்தெருவுக்கு அனுப்பினார். மூலிகைக் கடை கலீலுர் ரஹ்மான் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்:

"பழம் வேற, இலை வேற பெரியவரே. குளிர் நாட்டுல சர்க்கரைக்கும் வயித்துப்போக்குக்கும் காய்ச்சிக் குடிப்பாங்களாம். கேக்கும்னு யாரும் உறுதியாச் சொல்லல. ஆனா சுகர் மாத்திரை போடுறவங்க சேத்துக் குடிச்சா சுகர் ஒரேயடியா இறங்கிரலாம். ரொம்ப நாள் குடிக்கிறதும் ஆகாது. யாருக்கு?"

"எனக்குத்தான்."

"மாத்திரை உண்டா?"

"மாஃபி, இல்ல."

சிரித்தார். நல்ல மனுஷர். அவரை இதில் இழுக்காதீர்கள்.

சேதுமாதவனிடம், "இலைதானே சார், ஒண்ணும் செய்யாது" என்றேன். தினமும் கொடுத்தேன். "மருமவன் போன கோவத்துல வெசம் கிசம் கலந்திராதயும் ஓய்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் அன்னம் தொடமாட்டார். "விரதத்துல மாத்திரை போடலாமா ஓய்?" என்று கேட்டார்.

"மருந்து சாப்பாட்டுல சேராது சார். இலைத் தண்ணியும் சேராது. முருகன் கோவிச்சுக்க மாட்டான்."

அவருக்கு நிம்மதி. நான் இலையைக் கூடுதலாகப் போட்டேன்.

விரதத்தின் நடுவில் ஒரு மத்தியானம் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது. "சீனி போட்டு என்னமாவது தாரும் ஓய்" என்றார். சீனி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இலைத் தண்ணீரை ஆற்றிக் கொடுத்தேன். நம்பிக் குடித்தார். ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டவர்களிடம், "விரதக் களைப்பு, தூங்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பேச்சு குழறி, மூச்சு அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இலையா, மாத்திரையா, பட்டினியா என்று டாக்டர்கள் பேசிக்கொள்ளட்டும். கொன்றது நான்.

கோபத்தில் செய்யவில்லை. மகளுக்காகச் செய்தேன். அன்றே போன் கார்டு வாங்கி அவளிடம் சொன்னேன்.

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்காப்பா?"

"இருக்கா. உன் வயசுதான் இருக்கும்."

லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், அவள் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் லைன் எப்போதுமே இப்படித்தான்.