பூட்டுச் சாவிக்கு ஒரு பொட்டு

— பாத்தியா மாப்ள, அந்த ஜட்ஜம்மா எந்திரிச்சு, “குங்குமம் வச்ச ஓட்டும் ஓட்டுதான்”னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— பாத்தேன் மச்சான். என் துண்டுலதான மூக்கச் சிந்துன.

— நடிப்புக் கேசுதான், ஒத்துக்குறேன். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான?

— சரிதான். கொஞ்சம் நவுந்து ஒக்காரு. ஆலப்பாக்கத்துல பஸ்ஸுல கூட்டம் ஏறும்.

— ஊராட்சித் தலைவரு தேர்தல்ல தோத்தவன் நானு, ஜெயிச்சவன் நீயி. தேர்தல் வழக்க எப்படிப் பாக்குறதுன்னு ஜட்ஜுங்களுக்குக் கத்துக்குடுக்க, கடலூர்ப் பயிற்சியிலயும் நம்மளையே அதே வேஷத்துல நிக்க வச்சாங்க பாரு!

— நெசமாவே கேசு நடத்துறவங்க வேணும்னாங்க. நம்மள விட்டா யாரு இருக்கா?

— மொத நாளு என்னா கூத்து! ஒரே கேசு, ஆளுக்கொரு தீர்ப்பு. ஒருத்தரு குங்குமம் செல்லும், மஞ்சள் செல்லாதுன்னாரு.

— இன்னொருத்தரு, குங்குமம் காஞ்சிருந்தா செல்லும்னாரு.

— இன்னிக்கு எல்லாரும் ஒரே குரல்ல செல்லும்னுட்டாங்க. மனசு நெறஞ்சிடுச்சு. எல்லாம் உன் பொண்டாட்டியால வந்த வினை.

— உன் தங்கச்சி அமிர்தந்தான மச்சான்! புது ஃபிரிட்ஜுக்கே பொட்டு வைக்கிறவ, அண்ணன் சின்னம்னு ஓட்டுச் சீட்டுல பூட்டுச் சாவிக்கு வைக்காம இருப்பாளா? வரிசைல நின்ன பொம்பளைங்களுக்கும் டப்பாவக் குடுத்துட்டா.

— பாசம் மாப்ள! பொட்டு வச்ச சீட்டு அத்தனையும் செல்லாதுன்னு தள்ளிட்டாங்க. நீ போயி நாற்காலில ஒக்காந்துட்ட. நான் கோர்ட்டுக்கு நடையா நடக்குறேன்.

— அது பாயிண்டு.

— அடுத்த வாரம் நம்ம நெசக் கேசு வருது. எந்த ஜட்ஜுகிட்டப் போனாலும் எனக்குத்தான் தீர்ப்பு. ஆபீஸ் சாவிய எடுத்து வையி.

— காலைல நடத்துன பாடத்தக் கேட்டியா?

— இல்லியே. டீ குடிக்கப் போயிருந்தேன்.

— ஒரு கேசுல முன்னாடியே கருத்துச் சொல்லிட்ட ஜட்ஜு, திரும்ப அந்தக் கேசத் தொடக் கூடாதாம். அதான் நேர்மையாம். எல்லாரும் கவனமா எழுதிக்கிட்டாங்க.

— நல்ல பாடந்தான... இரு இரு. நம்ம கேச எடுக்கக்கூடிய ஜட்ஜுங்க எல்லாரும் அங்கதான இருந்தாங்க?

— ஒருத்தரு பாக்கியில்ல. எல்லாரும் உனக்குத்தான் தீர்ப்புச் சொன்னாங்க.

— அப்ப எவனும் என் கேசத் தொட மாட்டானா?

— வெளி ஜில்லாவுலேர்ந்து ஆள் வருவாங்க மச்சான். என் பதவிக்காலம் முடியறதுக்குள்ள வந்தாப் பாப்போம்.

— அடப்பாவி மாப்ள! என்னையப் போயி அந்தப் பயிற்சியில எவன் கோத்துவிட்டான்?

— ஆள் வேணும்னு கேட்டப்ப உன் பேர எழுதுனது நான்தான். அண்ணனுக்கு நல்லது நடக்கட்டும்னு, அந்தத் தாளுக்கும் உன் தங்கச்சி பொட்டு வச்சுத்தான் குடுத்தனுப்புனா.