அரை சென்டிமீட்டர் பிசகிய சட்டத்துக்குள் அக்காவுக்கு ஒரு மடல்

நூலகத்தை ஒட்டிய திறந்த பட்டறையின் பொறுப்பாளராக இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் அக்கா அவர்களுக்குப் பட்டறை ஊழியர்கள் அன்போடு வாசித்தளிப்பது.

பழுதைக் கண்டு பதறாத பட்டறைத் தலைவியே! துருவுக்குப் பகையே, துளைக்கருவிக்குத் துணையே! அளக்கும்போது கருமியாகவும் அளிக்கும்போது வள்ளலாகவும் வாழ்ந்து காட்டியவரே! கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு கூடமெங்கும் பென்சிலைத் தேடும் கோமகளே! வணக்கம்.

இந்த விளிகள் எல்லாம் எங்கள் சொந்தச் சரக்கு. கொஞ்சம் கோணலாக இருந்தால் பொறுத்தருளுங்கள். நேரான விளிகளும் எங்களிடம் இருக்கத்தான் செய்தன. அவற்றை ஏன் கைவிட்டோம் என்று சொல்லாமல் உங்களைப் பாராட்டினால் இந்த மடலே பொய்யாகிவிடும். எங்களுக்குப் பொய் சொல்லத் தெரியும், உங்கள் முன்னால் நின்று சொல்லத்தான் தெரியாது.

மூன்று வாரங்களுக்கு முன் நம் எழுத்தர், ஊரெல்லாம் செய்வதைத்தான் தானும் செய்தார். உங்கள் பெயர், பதவி, பணிக்காலம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அச்சகத்தில் கொடுத்து, காசும் கொடுத்து, பாராட்டு மடல் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டே நாளில் மடல் வந்தது. தடித்த தாள், தங்கநிற ஓரம், 'கல்விக் கடலே! கருணை மலையே!' என்று தொடக்கம். லேத் இயந்திரத்தோடு வாழ்ந்து லேத் அண்ணன் என்றே பெயர் பெற்றுவிட்ட நம் அண்ணன், அதை உரக்க வாசித்துப் பார்த்தார். மூன்றாவது பத்திக்கு வந்ததும் நாக்கு நின்றது. 'விளையாட்டுத் திடலில் தாங்கள் ஊதிய விசில் இன்றும் எங்கள் செவிகளில் ஒலிக்கிறது' என்று அங்கே அச்சாகியிருந்தது.

"அக்கா எப்ப விசில் ஊதினாங்க?" என்றார் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் சின்னக்கா.

"காத்துக் குழாய் பிடுங்கிக்கிட்டப்ப ஒரு தடவை ஊதுச்சு. அது அக்கா இல்ல, கம்ப்ரசர்" என்றார் லேத் அண்ணன்.

யாரோ ஓர் உடற்பயிற்சி ஆசிரியருக்கு எழுதிய மடலில் உங்கள் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியது. வருகிறவர்களுக்கெல்லாம் 'நீயே செய்து பார்' என்று சொல்லும் இடம், தன் தலைவிக்குச் சொல்ல வேண்டிய நாலு நல்ல வார்த்தையை வெளியில் விலைக்கு வாங்கியிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது நமக்குப் பொருந்திப் போனதே என்று வெட்கப்பட்டோம். எங்கள் எல்லோரையும் விட எழுத்தர்தான் அதிகம் வெட்கப்பட்டார்.

எழுத்தரை நீங்கள் அறிவீர்கள். இந்த அவையில் அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பதினோரு ஆண்டுகளாகப் பட்டறையில் இருக்கிறார், ஒரு ஆணிகூட அடித்ததில்லை. ஆணி என்று சொன்னாலே கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொள்வார். வீட்டில் விளக்கு மாற்ற ஆள், மிதிவண்டிக்குக் காற்றடிக்க ஆள், பேனாவுக்கு மை போடக்கூட ஆள் கிடைத்தால் வைத்துக்கொள்வார் என்று லேத் அண்ணன் கேலி செய்வதுண்டு. கோப்புகளை மட்டும் கண்ணாகக் காப்பார். அச்சமே அவருடைய குணம் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். நீங்கள் மட்டும் அப்படி முடிவு கட்டவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை அவர் மறக்கவில்லை. கை நடுங்கும் தன் தந்தைக்காக, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி பொருத்த ஆள் பிடித்தார். வந்தவர் நல்ல வேலைக்காரர், பளபளவென்று பொருத்திவிட்டுப் போனார். ஆனால் உயரம் சொன்னது எழுத்தர், சொன்னது தன் உயரத்துக்கு. கூன் விழுந்த தந்தைக்கு அது எட்டவில்லை. மறுநாள் உங்களிடம் வந்து நின்றார்.

"அப்பாவை நிக்க வச்சு அளந்தியா?" என்று கேட்டீர்கள்.

"இல்லக்கா. நீங்களே ஒண்ணு செஞ்சு கொடுத்துடுங்களேன்."

"நான் செஞ்சு கொடுத்தா அதுவும் கூலி வேலைதான், கூலி மட்டும் இருக்காது. வா, டேப்போட அந்த முனையைப் பிடி."

அவர் முனையைப் பிடித்தார், தந்தை நின்றார், நீங்கள் துளையிட்டீர்கள். அந்தப் பெரியவர் கடைசி நாள் வரைக்கும் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுந்தார். 'பிடிச்சது நீதானே, இதுவும் உன் வேலைதான்' என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் எழுத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. தானாக ஒன்றும் செய்யாதவர் சொதப்பவும் வழியில்லை, ஆகவே அவர் பெயர் தப்பு அலமாரியில் ஏறவில்லை.

தப்பு அலமாரி! நீங்கள் நிறுவிய அந்த அலமாரியைப் போல இன்னொன்றை நாங்கள் எங்கும் கண்டதில்லை. மற்ற நிறுவனங்களின் வாசலில் பரிசுக் கோப்பைகள் இருக்கும். நம் வாசலில், ஒவ்வொருவரும் முதன்முதலில் செய்து சொதப்பிய பொருள் இருக்கிறது. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. எண், செய்தவர், பிழை, காரணம், கடைசியில், திரும்பச் செய்து பார்ப்பாயா என்ற பொருளில் 'மறுபடியும்?' என்று ஒரு கேள்வி. ஒன்றாம் எண் உங்களுடையது. ஒரு காலைக் குறைக்க மறுகால் உயர, அதைக் குறைக்க இது உயர, கடைசியில் காலே இல்லாமல் வெறும் பலகையாகிப் போன ஸ்டூல். இருபத்தேழு ஆண்டுகளில் அலமாரி இருநூற்றுப் பதின்மூன்று வரை நிறைந்திருக்கிறது. இதில் பெயர் ஏறாதவர் கையில் பட்டறைச் சாவி ஏறாது என்பது நீங்கள் போட்ட சட்டம்.

காசு கொடுத்துச் செய்வதை நீங்கள் ஒருநாளும் இழிவாகப் பேசியதில்லை என்பதையும் இங்கே பதிந்தாக வேண்டும். கூரைக்கு மேலே போகும் மின்கம்பியை மாற்றும் வேலை வந்தபோது உரிமம் பெற்ற ஆளைத்தான் அழைத்தீர்கள். "என்னக்கா, நீங்களே ஏறலையா?" என்று லேத் அண்ணன் வம்புக்கு இழுத்தார். "உயிர் போற வேலைன்னா காசு கொடு. உயிர் வர்ற வேலைன்னா கை கொடு" என்றீர்கள். அன்று முதல் அதுதான் எங்கள் பட்டறையின் வேதம். ரொட்டி வெட்டும் மேடை உடையும் போதெல்லாம் அதைச் செய்தவர் எப்போது வருவார் என்று கடையைச் சாத்திக்கொண்டு காத்திருந்த பேக்கரிக்காரர், நம் பட்டறைக்கு வந்து மூன்று முறை சொதப்பி நான்காவதில் தன் மேடையைத் தானே செய்தார். இப்போதும் அது உடையத்தான் செய்கிறது. அரை மணி நேரத்தில் அவரே சரி செய்துவிட்டு அடுப்பு முன்னால் போய் நிற்கிறார்.

ஆனால் நிர்வாகக் குழுவுக்கு அரை மணி நேரக் கணக்கு வேறு. கடந்த கூட்டத்தில் குழுத் தலைவர் நேரடியாகவே கேட்டார்: "வெளியில கொடுத்தா ரெண்டு நாள்ல முடிச்சுத் தந்துடுவாங்க. இங்க ஒருத்தர் ரெண்டு மாசமா ஒரே ஸ்டூலைச் செதுக்கிட்டு இருக்கார். இதுக்கு ஒரு கட்டடம் தேவையா?"

"சமையலுக்கு ஆள் வச்சுக்கலாங்க ஐயா. சாப்பிட ஆள் வச்சுக்க முடியாது" என்றீர்கள்.

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கடிதத்தையும் அனுப்பினார். உங்களுக்குப் பின் புதிய நியமனம் கிடையாது. நிரந்தர ஊழியர் ஒருவர் பொறுப்பை ஏற்பதாக எழுதிக் கொடுத்தால் பட்டறை நடக்கலாம். இல்லையேல் வேலைகள் வெளியில் ஒப்படைக்கப்படும், இயந்திரங்கள் அகற்றப்படும், கூடம் பழைய கோப்புகள் வைக்கும் அறையாகும். பதில், நீங்கள் ஓய்வு பெறும் நாளுக்குள் வர வேண்டும். லேத் அண்ணனும் சின்னக்காவும் ஒப்பந்த ஊழியர்கள். உங்களை விட்டால் நிரந்தர ஊழியர் ஒரே ஒருவர்தான். ஆணிக்குப் பயந்த எழுத்தர்.

"நீங்கதான் ஏத்துக்கணும்" என்றார் லேத் அண்ணன்.

"என் பேரே அலமாரியில இல்லையேண்ணே."

"அது ஒரு சாக்கு."

"சாக்கு இல்ல. அக்கா போட்ட சட்டம்."

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் சொல்லவில்லை. "நான் சொன்னா அது என் வேலை ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைத் தேடப் போய்விட்டீர்கள். அன்று எங்களுக்கு உங்கள் மேல் கோபமே வந்தது, அக்கா. இருபத்தேழு ஆண்டு உழைப்பு கோப்பறையாகப் போகிறதே, இந்த மனுஷி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாரே என்று சின்னக்கா அழுதே விட்டார். இப்போது அந்தக் கோபம் இல்லை.

ஏனென்றால், விசில் மடல் வந்த மறுநாள் காலையில் பட்டறை திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே எழுத்தர் வந்து வாசலில் நின்றார். "மடலை நானே எழுதுறேன். அதுக்கு மரச்சட்டமும் நானே போடுறேன்" என்றார். நூலகத்தில் கழித்துப் போட்ட புத்தக அடுக்கிலிருந்து ஒரு பலகை எடுத்தார். நீங்கள் வருவதற்குள் வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல மேசையில் போய் உட்கார்ந்துகொள்வார். எட்டு நாள் இப்படி நடந்தது. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்ததற்குக் கதவிடுக்கில் நசுங்கியது என்று உங்களிடம் சொன்னார் அல்லவா? கதவின் மேல் குற்றமில்லை.

லேத் அண்ணன் அருகிலேயே நின்றார், தொடவில்லை. "கையைப் பையில விட்டுக்கிட்டு நின்னேன் பாரு, இருபது வருஷத்துல நான் செஞ்ச கஷ்டமான வேலை அதுதான்" என்று இன்றும் சொல்கிறார். மூன்று பக்கங்கள் அழகாக அமைந்தன. நான்காவது பக்கத்தை அளக்கும்போது டேப்பைச் சின்னக்கா கொண்டுபோயிருந்தார். மேசை மேல் கிடந்த பழைய ஸ்கேலை எடுத்து அளந்தார் எழுத்தர். அதன் நுனி அரை சென்டிமீட்டர் உடைந்தது என்றும், அதில் அளந்தால் ஒன்றிலிருந்துதான் அளக்க வேண்டும் என்றும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீங்கள் சொல்வது அவர் காதில் பதினோரு ஆண்டுகளாக விழுந்திருக்கிறது. காது கேட்டது கைக்குப் போய்ச் சேரவில்லை. நான்காவது பக்கம் அரை சென்டிமீட்டர் குட்டையாகிப் போனது. பூட்டிப் பார்த்தால் வலது கீழ் மூலை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"பலகை மிச்சம் இருக்கு. இன்னொண்ணு அறுத்துடலாம், பத்து நிமிஷம்" என்றார் லேத் அண்ணன்.

எழுத்தர் அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, நாங்கள் பதினோரு ஆண்டுகளில் கேட்டிராத குரலில் சொன்னார்: "வேண்டாண்ணே. இப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு தப்பு வேணும்."

ஆகவே, அச்சம் தெளிவித்த ஆசானே என்று உங்களை நாங்கள் அழைக்கப் போவதில்லை. நீங்கள் அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை. அவர் வேலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருந்தீர்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை எட்டு நாள் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றவர் எங்களுக்குச் சொன்னார்.

இன்று காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழுவுக்குப் பதில் போய்விட்டது. பொறுப்பை ஏற்கிறேன் என்று எழுத்தர் கையெழுத்திட்டிருக்கிறார். கடிதத்தின் வரிகள் வழக்கம்போல நேராக இருந்தன. நாளை முதல் பட்டறை வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திறக்கும்.

இந்த மடலை எழுதிய கையும் அவருடையதே. தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சப்பட்டு 'எழுத்தர்' என்றே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். வாசித்தால் குரல் உடைந்துவிடும் என்பதால் லேத் அண்ணன் வாசிக்கிறார். அவர் குரலும் இரண்டு இடத்தில் உடைந்திருந்தால் அது கம்ப்ரசர் என்று கொள்க. நல்ல தாளை வீணாக்குவது உங்களுக்குப் பிடிக்காது. அதனால் விசில் மடலின் பின்பக்கத்திலேயே இதை எழுதியிருக்கிறோம். சட்டத்துக்கு ஆணி அடிக்கவில்லை, நான்கு திருகுகள்தான். எதைக் கொண்டுவந்து காட்டினாலும் "பிரிச்சுப் பாத்தியா?" என்று முதலில் கேட்பவர் நீங்கள். விரும்பினால் பிரித்துப் பார்த்து, உங்கள் விளையாட்டுத் திடல் சாதனைகளையும் படித்து மகிழலாம்.

எங்கள் அக்காவே! முட்டி வலியின்றி மாடிப்படி ஏறுக! மூக்குக்கண்ணாடி தேடாமல் கிடைத்திடுக! வீட்டில் உள்ள பொருள்கள் எல்லாம் நீங்கள் சலிப்படையாத அளவுக்கு அவ்வப்போது பழுதாகுக! நூறாண்டு கடந்தும் உங்கள் கை நடுங்காதிருக்க, நடுங்கினாலும் பிடித்துக்கொள்ள எங்கள் கைகள் சரியான உயரத்தில் இருக்க, நெஞ்சார வாழ்த்துகிறோம்.

கடைசியாக ஒரு தகவல். நீங்கள் போட்ட சட்டப்படி, மூலை பிளந்த இந்தச் சட்டம் அலமாரிக்குத்தான் போக வேண்டும். விழா முடிந்ததும் மடலை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை வீட்டுக்குக் கொண்டுபோக உங்களுக்கு அனுமதி இல்லை. படிக்க வேண்டும் என்று தோன்றும் போதெல்லாம் இங்கே வாருங்கள். கதவு திறந்திருக்கும், சாவி எழுத்தரிடம் இருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் பென்சிலை ஒருநாளும் எடுக்காத,
திறந்த பட்டறை ஊழியர்கள்

(சட்டத்தில் கட்டியுள்ள அட்டை)
எண்: 214
செய்தவர்: எழுத்தர்
பிழை: வலது கீழ் மூலை
காரணம்: உடைந்த ஸ்கேலின் நுனியிலிருந்து அளந்தது
மறுபடியும்?: ஆமாக்கா.