சாம்பிள் வெடி இல்லை

ஓடுகிறோம். காலில் செருப்பு இல்லை. வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. அது வாசலிலேயே கிடக்கிறது. தங்கை செல்வி என் இடது கையைப் பிடித்திருக்கிறாள். பின்னால் முதல் அறை போய்விட்டது. டம் என்று ஒன்று. பிறகு பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்ட மாதிரி விடாத படபடப்பு. அப்புறம் இன்னொரு டம். அது நெஞ்சுக்குள் இடித்தது.

சப்வே தெரிகிறது. சிவகாசி ஓரத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை. இந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. அந்தப் பக்கம் எங்கள் காலனி. போகவர வேறு வழி கிடையாது. ஐப்பசி மழைத் தண்ணீர் முழங்கால் வரை நிற்கிறது. அதை இறைக்கச் சொல்லி யாரிடமெல்லாமோ கேட்டோம். எவன் காதில் போட்டுக்கொண்டான்.

உள்ளே இறங்கினோம். பாதி வழியில் நின்றுவிட்டோம். எதிரே காலனி ஜனம் வருகிறது. சிரித்துக்கொண்டு வருகிறது.

வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். சீசனில் புது ஐட்டம் செய்தால் கம்பெனிப் பொட்டலில் ஒன்றிரண்டைக் கொளுத்திப் பார்ப்பார்கள். அதற்குச் சாம்பிள் வெடி என்று பெயர். ஓசி வேடிக்கை. சத்தம் கேட்டதும் காலனியே பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சப்வே வழியாக ஓடும். அன்றும் அப்படித்தான் ஓடி வந்தது. முன்வரிசையில் என் வீட்டுக்காரர் கருப்பசாமி. அச்சாபீஸில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்த முகம். என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

"திரும்புங்க! சாம்பிள் இல்ல! ரூமு வெடிக்குது!"

அவருக்குக் கேட்கவில்லை. தலைக்கு மேல் ரயில் போய்க்கொண்டிருந்தது.

ரயில் போய் முடிந்தபோது எங்கள் பின்னால் இன்னும் பெண்கள் இறங்கிவிட்டார்கள். அவர்கள் பின்னால் புகை. எதிரே முன்னால் நின்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடைசியில் வந்தவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் தள்ளுகிறார்கள். நடுவில் நாங்கள். கையைத் தூக்க இடமில்லை. கந்தக நாற்றம். தொண்டை எரிகிறது. செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

"ஏலே, பின்னால போங்கலே! பிள்ளைகள மேல தூக்குங்க!" யாரோ கத்துகிறார்.

"அக்கா, கைய விட்றாத." இது செல்வி.

நான் விடவில்லை. இறுக்கித்தான் பிடித்தேன். எங்கள் இரண்டு பேர் கையிலும் முழங்கை வரை அலுமினியப் பொடி. வெள்ளிக் காப்பு போட்ட மகராசிகள் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வோம். தண்ணீர் பட்டால் அந்தப் பொடி எண்ணெய் மாதிரி வழுக்கும். கருப்பசாமி என் முடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். ஜனம் ஒரு தடவை நெட்டித் தள்ளியது. என் கையில் பொடி இருந்தது. அவள் விரல்கள் இல்லை.

புகை அடங்கிய பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தூக்கினார்கள். உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது. பத்தொன்பது வயது. தை பிறந்தால் கல்யாணம்.

கம்பெனி ஆள் வந்தான். அறைகளுக்குள் கிடந்தவர்களை எண்ணினான். செல்வியைப் பார்த்தான். "இவுகளுக்குக் காயமே இல்லையே. கம்பெனி கேட்டுக்கு வெளியதான செத்திருக்காக," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், பாவி. அடுத்த நாள் பேப்பரில் வந்ததும் அவன் எண்ணிய எண்ணிக்கைதான்.

கருப்பசாமி இப்போதெல்லாம் தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். அன்று ஏன் கையாட்டினீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவர் இழுக்காவிட்டால் நானும் இல்லை. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கம்பெனி ஆள் எண்ணாமல் விட்டதை நான் எண்ணிச் சொல்கிறேன். என் தங்கை செல்வி. லேபிள் ஒட்டும் ராஜாத்தி. வேடிக்கை பார்க்க வந்த டீக்கடை மாடசாமி. அவர் தோளில் இருந்த மகள் முத்துலட்சுமி, இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. சப்வேக்குள் நாலு பேர். நாலு பேரும் வெடியில்தான் செத்தார்கள்.