ரெண்டு ஆச்சரியக்குறி

லுயாண்டோ: ...முப்பத்தொண்ணுலயே நிக்குது. மூணு தடவை அனுப்பிட்டேன். அதே முப்பத்தொண்ணு!

ஹமூங்கா: டவர் போயிருக்கும். இன்னொரு தடவை தட்டு.

லுயாண்டோ: டவர் இல்ல, முடாலா. நீங்க எழுதின புரோகிராம்.

ஹமூங்கா: கிழவான்னு கூப்பிட இதுதானா நேரம்? பன்னெண்டு மணிக்கு அணை மதகைத் திறக்கப் போறாங்க!

லுயாண்டோ: அதைத்தான் சொல்றேன். அறுபது மீன்பிடி முகாம். பாதிப் பேருக்கு 'கரையேறுங்க'ங்கற சேதியே போகல... இந்த வரில என்ன இது, ரெண்டு ஆச்சரியக்குறி?

ஹமூங்கா: அது... பிழைன்னு அடியில வந்த சிவப்புக் கோடு போறதுக்காகப் போட்டது.

லுயாண்டோ: சிவப்புக் கோடு சும்மாவா வருது? 'இங்க நம்பர் காலியா இருந்தா என்ன பண்ணட்டும்?'னு இந்தப் புது மொழி, கோட்லின், கேக்குது. நீங்க ரெண்டு குறி போட்டு, 'எல்லாம் இருக்கு, வாயை மூடு'ன்னுட்டீங்க. நம்பர் இல்லாத ஒரு பேரு வந்ததும் மொத்தமா படுத்துடுச்சு.

ஹமூங்கா: இருபது வருஷம் ஜாவால எழுதினேன். ஒரு நாள் நின்னிருக்கா?

லுயாண்டோ: எப்படி நிக்கும்? பிழை வந்தா சத்தமில்லாம முழுங்கிட்டு அடுத்த ஆளுக்குப் போற மாதிரில்ல எழுதி வச்சிருந்தீங்க!

ஹமூங்கா: அதையே இங்கயும் போட்டா ரெண்டு நிமிஷ வேலை. தள்ளு.

லுயாண்டோ: கையை எடுங்க!

ஹமூங்கா: ஏய், மணி பதினொண்ணு இருபது...

லுயாண்டோ: முழுங்கிட்டா அந்தக் காலி ஆள் யாருன்னே தெரியாது. அவங்க பாட்டுக்கு ஆத்துல வலை போட்டுக்கிட்டு நிப்பாங்க.

ஹமூங்கா: பெரிய மேதாவி! இந்த புரோகிராமைப் பார்த்து 'சரி'ன்னு ஒப்புதல் குடுத்தது யாரு?

லுயாண்டோ: நான்தான்... படிக்கல. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு படிக்காமலே குடுத்துட்டேன். போதுமா?

ஹமூங்கா: ...சரி, அடி.

லுயாண்டோ: குறியை எடுத்தாச்சு. நம்பர் காலியா இருந்தா, பேரைத் திரையில காட்டிட்டு அடுத்தவங்களுக்கு அனுப்பு... அவ்வளவுதான். முப்பத்திமூணு... நாப்பது... போகுது, போகுது! அறுபது வரைக்கும் வந்துடுச்சு. அப்பாடா!

ஹமூங்கா: அப்புறம் என்ன, மூடு. ந்ஷிமாக் களி ஆறிப்போகும்.

லுயாண்டோ: இருங்க, ஒண்ணு பாக்கி. சியாம்போ முகாம். தலைவர் பேரு மைன்ஸா ஹமூங்கா. ...உங்க பேராச்சே?

ஹமூங்கா: எங்க பக்கம் கல்லை விட்டெறிஞ்சா ஒரு ஹமூங்கா மேல விழும்.

லுயாண்டோ: நம்பரை நவம்பர்ல அழிச்சிருக்கு. அழிச்சது நீங்கன்னு காட்டுது.

ஹமூங்கா: அழிச்சேன். அதுக்கென்ன இப்ப?

லுயாண்டோ: அப்போ ஜனவரில மதகு திறந்தப்பவும் அவங்களுக்குச் சேதி போகலையா?

ஹமூங்கா: ரெண்டு படகு போச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல... விசாரிச்சேன்.

லுயாண்டோ: அடக் கடவுளே! தெரிஞ்சுக்கிட்டேவா டவரு, கிவருன்னு...

ஹமூங்கா: பழைய புரோகிராம் 'எல்லாருக்கும் போச்சு'ன்னுதானே காட்டுச்சு? நானும் நம்பினேன்... நம்பற மாதிரி இருந்துட்டேன். மைன்ஸா என் அண்ணன். நவம்பர்ல செத்துட்டான். நம்பரை அழிச்சேன், பேரை அழிக்கக் கை வரல.

லுயாண்டோ: ஐயோ... சொல்லவே இல்லையே?

ஹமூங்கா: அடக்கம் முடிஞ்சதும் பெரியவங்க கூடி, நம்ம வழக்கப்படி அண்ணன் பேரை நீதான் ஏத்துக்கணும், அவன் குடும்பம் இனி உன் பொறுப்புன்னாங்க. சம்மதம் சொல்லாம இங்க லுசாகாவுக்கு பஸ் ஏறிட்டேன்.

லுயாண்டோ: இப்ப அங்க யாரு இருக்கா?

ஹமூங்கா: அண்ணி. மூணு பிள்ளைங்க. இன்னும் நாலு குடும்பம்.

லுயாண்டோ: பதினொண்ணு முப்பத்தஞ்சு. அண்ணி நம்பர் தெரியுமா, தெரியாதா?

ஹமூங்கா: மனப்பாடம். நவம்பர்லேருந்து தினம் அழுத்தறேன், மணி அடிக்கறதுக்குள்ள வச்சுடறேன்... இரு. அடிக்குது. ...அண்ணி? வலையை விடுங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்க, மதகு திறக்கப் போறாங்க! ...யாரா? மைன்ஸா பேரை ஏத்துக்காம ஓடிப்போனவன்.